திருப்ப மறந்த பலகை

1

இந்தக் கதை ஒரு மறதியில் பிறந்தது. மறந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்து 'அப்பவே நெனச்சேன்' என்று தலையாட்டும் சந்தோஷத்தை உங்களுக்குத் தருவதாக இல்லை.

எங்கள் ஊர்ப் பொதுக் கட்டடத்தின் கூடத்துக் கதவில் ஒரு மரப்பலகை சங்கிலியில் தொங்குகிறது. ஒரு பக்கம், 'மதிய உணவு 11:30. எல்லோரும் வரலாம்.' மறுபக்கம், 'நீதிமன்றம் கூடியிருக்கிறது. ஆயுதங்களுடன் உள்ளே வரக்கூடாது.' ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் நீதிபதி வருவார். வந்ததும் பலகையை நீதிமன்றப் பக்கம் திருப்ப வேண்டும். அவர் போனதும் சாப்பாட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். அந்தக் கட்டடத்தைக் கூட்டுவது, கொதிகலனைப் பார்த்துக்கொள்வது, வாசலில் பனி தள்ளுவது எல்லாம் என் வேலை. அவற்றிலேயே சுலபமானது இந்தப் பலகை. மணிக்கட்டு இருந்தால் போதும். மூளைகூட வேண்டாம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அக்டோபரில் ஒரு செவ்வாய், நீதிபதி அங்கியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்த நொடி பார்த்து எனக்கு ஒரு கதைக்கு அருமையான முதல் வரி தோன்றியது. ஆவி போவதற்குள் எழுதிவிட வேண்டுமென்று கொதிகலன் அறைக்கு ஓடினேன். வரியை எழுதினேன். பலகையை மறந்தேன். (அந்த வரி என்ன என்று கேட்காதீர்கள். எழுதிய தாளில் அப்புறம் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டேன்.)

மறுநாளிலிருந்து ஊர் அந்தப் பலகைக்குக் கீழேயே நுழைந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. மூக்கு குழம்பு வாசனையில் இருக்கும்போது கண் எதையும் படிப்பதில்லை. இரண்டு வாரம் கழித்து நீதிபதி மறுபடி வந்த அன்று, நீதிமன்றப் பக்கத்தைத் திருப்பலாம் என்று போனேன். பலகை ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது.

சங்கிலியைப் பிடித்தபடி நின்றேன். அப்போதுதான் டெல்மர் ஞாபகம் வந்தார்.

2

சரி, எப்படித் தொடங்குவது?

'சமவெளியில் அன்று காற்று—'

வேண்டாம். மிசௌரி ஆற்றுக்கு மேற்கே எவன் பேனா எடுத்தாலும் காற்றில்தான் தொடங்குகிறான். எங்கள் ஊரில் மரமே ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் வளர்கிறது. கதையாவது நிமிர்ந்து நிற்கட்டும்.

'டெல்மர் ஸ்ட்ராண்ட் என்பவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட—'

வக்கீல் நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கிறது.

'லெஸ்டர் அந்த இரண்டு வாரமும் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.'

இது இருக்கட்டும். லெஸ்டர் நான்தான். தானியக் கிடங்கின் எடைமேடையில் நான் வேலை பார்த்த காலத்தில் எங்களோடு இருந்த பூனையின் பெயர் அது. ஒரு வண்டி வந்தால் எழுந்து பார்க்கும். பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். எனக்குப் பொருத்தமாக இருந்தது. 'நான்' என்று எழுதினால் என்மீது கை ஓங்க வரவில்லை. 'அவன்' என்றால் தைரியமாகத் திட்டலாம். லெஸ்டர் செய்யும் தப்பெல்லாம் நான் செய்தவை. அவன் செய்யும் ஒன்றிரண்டு நல்ல காரியங்கள் நான் செய்யாதவை, கதைக்குத் தேவைப்பட்டன.

டெல்மர் கிராமத்துச் சாலைகளில் தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான்கு பக்கமும் அறுத்த வயல், கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு வண்டி கிடையாது. அங்கேயும் 'நில்' என்று எழுதியிருந்தால் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, அப்புறம்தான் போவார். இடுப்பில், சட்டைக்குள், ஒரு கைத்துப்பாக்கி வைத்திருப்பார். அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நீதிமன்றச் செவ்வாய்களில் பலகையைப் படித்துவிட்டு, திரும்பி, தன் பிக்கப் வண்டிக்குப் போய், ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவார். அதை வைத்துத்தான் ஊருக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு ஆளிடம் சம்பளம் கேட்கலாம், ஓட்டு யாருக்கு என்று கேட்கலாம், இடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது.

தினமும் மதியம் டெல்மரும் லெஸ்டரும் ஜன்னலோர மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பிட்டதும் சீட்டு. பிட்ச் ஆட்டம், ஜோடி ஜோடியாக ஆடுவது. லெஸ்டரும் டெல்மரும் ஒரு ஜோடி. சமையல்காரி நோரீனும் அன்றைக்கு யார் அகப்படுகிறாரோ அவரும் மறு ஜோடி. டெல்மரின் மனைவி இர்மா ஏப்ரலில் இறந்தபோது ஒரு வாரம் சீட்டுக்கட்டு எடுக்கவில்லை. எட்டாம் நாள் டெல்மரே வந்து கட்டைக் கலைத்தார். லெஸ்டர் சீட்டை வெட்டினான்.

அந்த அக்டோபர் புதன்கிழமை டெல்மர் கதவு வரை வந்தார். பலகையைப் படித்தார். திரும்பிப் போனார். பிக்கப்பில் உட்கார்ந்தார். வரவில்லை.

மறுநாளும் வண்டி வந்தது; வாசலைப் பார்த்து நின்றது. உள்ளே அவர் மெழுகுத் தாளைப் பிரித்து எதையோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். லெஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தான். பலகை அவன் நினைவிலேயே இல்லை. 'இர்மா ஞாபகம் போலிருக்கு, மனுஷனைக் கொஞ்சம் தனியா விடுவோம்' என்று நினைத்துக்கொண்டான். எங்கள் பக்கத்தில் மரியாதை என்றால் அதுதான்: துக்கப்படுகிறவரிடமிருந்து தள்ளி நிற்பது. அதனால் அவன் கையை மட்டும் ஆட்டினான். டெல்மர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். எங்கள் பக்கத்தில் அது முழு வணக்கம். லெஸ்டருக்கு அது போதுமாக இருந்தது. எதிர் நாற்காலியில் தன் கோட்டைப் போட்டு வைத்தான்.

3

(சட்டம் என்றாலே கொட்டாவி விடுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் டெல்மர் கேட்ட ஒரு கேள்வி இங்கேதான் இருக்கிறது.)

எங்கள் கட்டடத்தில் முன்பக்கம் நூலகம். பக்கத்தில் ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் இடம். இடதுபுறம் மாவட்ட அலுவலகம். பின்னால் அந்தக் கூடம். முதியோர் சாப்பாடும் அங்கேதான், நீதிமன்றமும் அங்கேதான், மாலையில் போர்வை தைக்கும் பெண்களும் அங்கேதான். முன்பெல்லாம் வெளிவாசலிலேயே 'துப்பாக்கி கூடாது' என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது. மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே ஸ்டிக்கர். தொல்லையில்லை.

அப்புறம் மாநிலத்தில் சட்டம் மாறியது. ஒரு அறைக்காக முழுக் கட்டடத்தையும் மூடக் கூடாது. வயது வந்தவர் எவரும் உடைக்குள் மறைத்த துப்பாக்கியோடு நூலகத்துக்கு வரலாம், உரிமம் புதுப்பிக்கலாம், குழம்பு குடிக்கலாம். நீதிமன்றத்துக்குள் மட்டும் கூடாது. அதுவும் நீதிமன்றம் கூடியிருக்கும்போது மட்டும். முழுக்கத் தடுக்கத்தான் வேண்டுமென்றால் மக்கள் நுழையும் ஒவ்வொரு வாசலிலும் சோதனைக் கருவியும் காவலாளும் வைக்க வேண்டும். எங்கள் கட்டடத்துக்கு ஐந்து வாசல். அதில் ஒன்று உதைத்தால்தான் மூடும். (இது கதைக்காக நானே சுருக்கி, கதைக்காகவே கொஞ்சம் வளைத்த சட்டம். இதை நம்பி இடுப்பில் எதையும் செருகிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.)

இதைப் பேச மாவட்ட ஆணையர்கள் கூட்டம் போட்டார்கள். நோரீன் கையில் மாவோடு வந்து நின்றாள்.

"ஜட்ஜ் ஐயா பதினொன்றரைக்கு இடைவேளை விடறாரு. அதே மேஜையில, அதே நாற்காலியில உக்காந்து என் சூப்பைக் குடிக்கிறாரு. அப்ப அது கோர்ட்டா, சாப்பாட்டு ரூமா?"

மாவட்ட வக்கீல் கிர்ஸ்டன் சின்னப் பெண். படித்து முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. "அது வந்து, இடைவேளைங்கிறதை எப்படி எடுத்துக்கறோங்கிறதைப் பொறுத்தது," என்றாள்.

"எப்படி எடுத்துக்கறது?"

"அதுவும் பொறுத்தது."

நோரீன் நீதிபதியைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார். "அந்தக் கேள்வி என் முன்னால வரலம்மா."

"சூப் உங்க முன்னாலதான வந்துச்சு?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கடைசியில் பலகை என்று முடிவானது. கூடத்துக் கதவில் மட்டும் தொங்கும். நீதிமன்றம் நடந்தால் ஒரு பக்கம், இல்லாவிட்டால் மறுபக்கம். எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தபோது பின்வரிசையிலிருந்து டெல்மர் கையைத் தூக்கினார்.

"பலகையைத் திருப்பறது யாரு?"

ஆணையர்கள் லெஸ்டரைப் பார்த்தார்கள். டெல்மரும் பார்த்தார்.

"அவன்னா சரி," என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

எங்கள் மாவட்டத்தில் எதற்கும் நேரடியாகப் பதில் வராது என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்று 'பொறுத்தது' வரும். இல்லாவிட்டால் மழை வருமா என்பதற்குப் பேச்சு போய்விடும். அந்த இரண்டு சொல்தான் நான் கேட்ட வரை தெளிவாக வந்தது. 'அவன்னா சரி.' இந்தக் கதையை எழுத உட்கார்ந்த ஒவ்வொரு நாளும் அது காதில் விழுகிறது.

4

நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். நீதிமன்ற நாட்களில் துப்பாக்கியை வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே வருகிறவர்தானே? பலகை தப்பாகத் தொங்கினால் என்ன? அன்றைக்கும் வண்டியில் வைத்துவிட்டு வந்திருக்கலாமே?

இதுதான் கதையில் இருக்கும் ஓட்டை. இதன் வழியாகக் குளிர் முழுக்க உள்ளே வருகிறது. நானும் துணி வைத்து அடைத்துப் பார்த்தேன்.

முதல் துணி: வண்டியின் டேஷ்போர்டில் இருக்கும் சின்னப் பெட்டியின் பூட்டு கெட்டுப்போயிருந்தது. (டெல்மர் வண்டியில் ஒரு பூட்டு ஒரு நாளுக்கு மேல் கெட்டுக் கிடக்காது.)

இரண்டாவது: அவருக்குக் கோபம். (கோபம் வந்தால் அவர் இன்னும் மரியாதையாகப் பேசுவார், அவ்வளவுதான்.)

மூன்றாவது: அந்தத் துப்பாக்கி இர்மா வாங்கிக் கொடுத்தது, அவள் போனபின் அதைத் தனியே வண்டியில் விட்டுவர மனம் வரவில்லை. இது அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. டெல்மர் அழகுக்காக எதையும் செய்கிறவர் இல்லை. நான்தான் அப்படி.

பலகையைச் சரியாகத் திருப்பிய மறுநாள் காலையில் லெஸ்டர் சமையலறைக்குப் போனான். நோரீன் இலவங்கப்பட்டைச் சுருள்ரொட்டிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டெல்மர் உள்ள வராததுக்குப் பலகைதான் காரணம். நான் திருப்ப மறந்துட்டேன்."

"நீ மறக்காததுன்னு ஒண்ணு இருந்தா சொல்லு கண்ணு, எழுதி ஒட்டி வைக்கிறேன்."

"ஆனா துப்பாக்கிய வண்டியில வச்சுட்டு வரலாம்ல? ஏன் வரலங்கறேன்?"

அவள் கை மாவின்மேல் ஒரு நொடி நின்றது. "தட்டையெல்லாம் அடுக்கு," என்றாள்.

(அந்தக் கை நின்றதை லெஸ்டர் கவனிக்கவில்லை. எழுதுகிறவன் என்று பெயர்.)

"இப்ப பலகை சரியா இருக்கு. இன்னைக்கு வந்துருவான் பாரு."

"வண்டி அங்கதான நிக்கும்? போய்ப் பேசேன்."

"துப்பாக்கி வச்சிருக்கியான்னு எப்படிக் கேக்கறது?"

"அதைக் கேக்கச் சொன்னேனா நான்?"

அன்றைக்கும் டெல்மர் வந்தார், வண்டியை விட்டு இறங்கவில்லை. கதவு வரை வந்தால்தானே பலகை திரும்பியது தெரியும்! லெஸ்டருக்கு யோசனை உதித்தது. பலகையைக் கழற்றிக்கொண்டு போய் வெளிவாசல் கண்ணாடியில், சாப்பாட்டுப் பக்கம் வண்டிகளைப் பார்க்கும்படி மாட்டினான். இருபது அடி நடந்து போய் 'வாய்யா உள்ள' என்று சொல்வதைவிட அது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

கால் மணி நேரத்தில் கிர்ஸ்டன் ஓடி வந்தாள்.

"இதை ஏன் இங்க மாட்டியிருக்கீங்க? இந்த வாசல்ல அது இருக்கக் கூடாதுன்னுதான் சட்டமே மாறிச்சு!"

"இது சாப்பாட்டுப் பக்கம்மா."

"அதுக்கு இன்னொரு பக்கம் இருக்குல்ல? லைப்ரரில இருந்து வெளிய போறவங்களுக்கு இப்ப கோர்ட் நடக்குது."

உண்மைதான். உள்ளே கதைப் புத்தகங்களோடு இரண்டு பெண்கள் வெளியே போகலாமா கூடாதா என்று கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். லெஸ்டர் பலகையைக் கழற்றினான். பிக்கப் பக்கம் பார்த்து அசட்டுச் சிரிப்பொன்று சிரித்தான். ஸ்டியரிங்கில் ஒரு விரல் எழுந்தது. அப்புறம் வண்டி கிளம்பிப் போனது.

திங்கட்கிழமை வண்டி வரவில்லை.

செவ்வாயும் வரவில்லை.

5

இனி முடிவுகள். எனக்கு முடிவு எழுதுவது எப்போதும் பிடிக்கும். வேறு எந்த வேலையையும் தள்ளிப்போட அதைப்போல உதவுவது எதுவுமில்லை.

முடிவு ஒன்று. லெஸ்டர் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு டெல்மர் வீட்டுக்குப் போகிறான். கதவைத் திறந்ததும் சாப்பாட்டுப் பக்கத்தைக் காட்டுகிறான். டெல்மர் சிரிக்கிறார். இருவரும் சீட்டு ஆடுகிறார்கள். வெளியே முதல் பனி. இதை எழுதும்போது என் கண் கலங்கியது. நான் எழுதியதற்கு நானே கண் கலங்கினால் அது குப்பை என்பது என் அனுபவம்.

முடிவு இரண்டு. லெஸ்டர் போகிறான். டெல்மர் ஜன்னலைப் பார்த்தபடி பேசுகிறார்: "மனுஷன் வெளிய தெரியாம எதைச் சுமக்கிறானோ அதுதான்யா அவனைத் தனியா ஆக்குது, சட்டம் அதை அறைக்கு வெளிய நிறுத்தலாம், ஆனா—" இல்லை. டெல்மர் பிறந்ததிலிருந்து இத்தனை சொற்களைச் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. பேசுவது நான், அவர் வாயை வாடகைக்கு எடுத்திருக்கிறேன்.

முடிவு மூன்று. வெள்ளிக்கிழமை ஷெரிஃபின் ஆள் கதவைத் தட்டியபோது உள்ளே

இந்த வாக்கியம் அப்படியே நிற்கட்டும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் இப்படியொன்றை ஒரு முறையாவது கேட்டிருக்கிறோம். தனியே ஒரு ஆள், முன்னால் நீண்ட குளிர்காலம், கைக்கெட்டும் இடத்தில் அது. நான் எழுதவில்லை. அழிக்கவும் கை வரவில்லை. அழித்தால் நடந்துவிடும் என்பதுபோல் ஒரு பயம்.

இவ்வளவும் எழுதி சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தேன். தட்டு எடுக்க வந்த நோரீன் எடுத்துப் படித்தாள். உட்கார்ந்து படித்தாள். அவள் மதியத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"லெஸ்டர்ங்கறது அந்தக் கெடங்குப் பூனைதான?"

"நான்தான்."

"தெரியுது. பூனை இவ்வளவு புலம்பாது." தாளைத் திருப்பினாள். "இதுல லெஸ்டர் டெல்மர் வீட்டுக்குப் போறான்."

"ஆமா."

"இதுலயும் போறான்."

"ஆமா. எது நல்லாருக்கு?"

"நீ எப்பப் போவ?"

மழை வருமா என்று கேட்கலாமா என யோசித்தேன். நவம்பரில் எங்கள் பக்கம் பனிதான், மழை ஏது.

"இந்த மூணாவது," என்று அந்த நின்றுபோன வரியின்மேல் விரலை வைத்தாள், "இது இல்ல. நீ நெனைக்கற மாதிரி இல்ல. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத, நான் சொல்றதா வாக்குக் குடுக்கல, சொல்லமாட்டேன்னுதான் குடுத்திருக்கேன். ஆனா தனியாக் கெடக்கறவன் சாகறதுக்குத் துப்பாக்கிதான் வேணும்னு இல்ல கண்ணு. நாலு நாள் யாரும் எட்டிப் பாக்கலன்னாலே போதும்."

உள்ளே போய் இரண்டு டப்பாக்களைக் கொண்டுவந்தாள். ஒன்றில் பீன்ஸும் இறைச்சியும் போட்ட காரக் குழம்பு. இன்னொன்றில் சுருள்ரொட்டி. எங்கள் பக்கம் இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுவோம்.

"சூடு ஆறறதுக்குள்ள போகணும். அந்தப் பேனாவை வச்சுட்டுப் போ."

6

இனி லெஸ்டர் கிடையாது. பூனைக்கு அந்த வீடு தெரியாது.

நான் போனேன். சரளைச் சாலையின் முடிவில் டெல்மர் வீடு. பிக்கப் முன்பக்கம் திறந்தபடி வெளியே நின்றது. தட்டியதும் கதவு உடனே திறக்கவில்லை. உள்ளே ஏதோ இரைந்துகொண்டிருந்தது. நான் நின்ற நேரத்தில் அந்த மூன்றாவது முடிவின் வரி நான்கு முறை தன்னை எழுதிப் பார்த்துக்கொண்டது.

அப்புறம் டெல்மர் வந்தார். கையில் முடி உலர்த்தும் கருவி. இளஞ்சிவப்பு நிறம், இர்மாவுடையது.

"பிளாஸ்டிக் ஒட்டறேன்," என்றார்.

குளிருக்கு முன்னால் ஜன்னல்களில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, சூடுகாட்டி இழுத்து விறைப்பாக்குவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இரண்டு பேர் வேண்டிய வேலை. அவர் ஒட்டிய ஜன்னல் முழுக்கச் சுருக்கம்.

"அந்த மூலையப் பிடி."

பிடித்தேன்.

"வண்டிக்கு என்னாச்சு?"

"பேட்டரி போச்சு."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"உங்கிட்டயும் போன் இருக்கு."

இருந்தது. சட்டைப் பையில், எழுதி முடிக்காத தாள்களுக்குப் பக்கத்தில்.

"டெல்மர், அந்தப் பலகையை நான்தான் திருப்ப மறந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னைக்குப் புதன்கெழம. தபால் போட்டவன்யா நான், கெழம தெரியாதா?"

"தெரிஞ்சுமா திரும்பிப் போன?"

"எழுதியிருந்துச்சே."

அவர் கருவியை ஜன்னலின் குறுக்கே நகர்த்தினார். தாள் சுருங்கி, சுருக்கம் ஒவ்வொன்றாக மறைந்தது. எங்கள் பக்கத்தில் கேட்கக் கூடாத கேள்வியை நான் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை; கண்ணாடியில் தெரிந்த அவர் நிழலைப் பார்த்துக் கேட்டேன்.

"உங்கிட்ட துப்பாக்கி இருக்கா?"

அவர் கருவியை அணைத்தார். வீடு எவ்வளவு அமைதியானது என்று அப்போதுதான் தெரிந்தது.

"இல்ல," என்றார். "இர்மா போனாளே, அந்த வாரமே நோரீன் அண்ணங்கிட்ட குடுத்துட்டேன். அவங்கிட்ட பூட்டற பெட்டி இருக்கு. இந்த வீட்ல அதும் நானும் மட்டுமா இருக்க வேணாம்னு தோணிச்சு."

நான் மூலையை விடவில்லை. விடுகிற மாதிரி இல்லை.

"அதுக்கப்புறமும் கோர்ட் நாள்ல வண்டிக்குப் போய்ட்டுப் போய்ட்டு வந்தியே?"

"போகலன்னா ஏன் போகலன்னு கேப்பீங்கல்ல."

"யாரு கேப்பா? நம்ம ஊர்லயா?"

சிரித்தார், பாதிச் சிரிப்பு. "டேஷ்போர்டத் தொறப்பேன், மூடுவேன். உள்ள அவ கையுறைதான் இருக்கு."

கோடை முழுவதும், ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அவர் வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தது அதைத்தான். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, பார்க்காதது போல மரியாதையாக இருந்திருக்கிறோம்.

குழம்பைச் சூடாக்கினார். இரண்டு தட்டு வைத்தார். சீட்டுக்கட்டு மேஜையில்தான் இருந்தது. ஒற்றை ஆள் ஆடும் ஆட்டத்தில் பாதி விரித்தபடி.

இதற்குப் பிறகு நடந்தது உங்கள் கையில். அவர் வண்டிக்கு நான் பேட்டரி மாற்றிக் கொடுத்தேனா, வியாழக்கிழமை அவர் கூடத்துக்குள் வந்தாரா, கதவில் நின்று பலகையைப் படித்தாரா, அதை நான் அன்று சரியாகத் திருப்பியிருந்தேனா என்பதையெல்லாம் நீங்களே உங்களுக்குப் பிடித்த பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். திருப்புகிற காரியத்தில் என்னை நம்பக் கூடாது என்று முதல் பகுதியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். நான் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டதற்கு நேராகப் பதில் வந்தது. ஆனால் இத்தனை பக்கமாக நான் கேட்க வேண்டியிருந்தது துப்பாக்கியைப் பற்றி இல்லை. இன்னும் ஒரு கேள்வி பாக்கி. அதற்குப் பதில் வந்ததும் நிறுத்திவிடுகிறேன்.

அவர் ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அந்தப் புதன்கெழம கோர்ட்டும் இல்ல, துப்பாக்கியும் இல்ல. ரெண்டும் இல்லன்னு உனக்குத் தெரியும். அப்புறம் எதுக்குய்யா உள்ள வராம வண்டியிலயே உக்காந்திருந்த? அன்னைக்கு மட்டுமில்ல, தெனமும்?"

டெல்மர் ரொட்டியை மென்று விழுங்கினார். என்னை நேராகப் பார்த்தார்.

"நீ வெளிய வர்றியான்னு பாத்தேன்."